ஐபி மெசஞ்சருக்குப் பதில் புரோசடி: ராணிப்பேட்டை, ஆம்பூர் கம்பெனிகளுக்கு ஒத்துவருமா?

ராணிப்பேட்டை சிப்காட், மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டி இருக்கும் தோல், ஷூ கம்பெனிகள் பலவற்றில் ஆபீஸும் ஃபேக்டரியும் பேசிக்கொள்வது இன்னும் ஐபி மெசஞ்சர் என்ற, உள் நெட்வொர்க்கில் செய்தி அனுப்பும் மென்பொருளில்தான். கொஞ்சம் பெரிய இடமென்றால் பத்து வருஷத்துக்கு முன் யாரோ போட்டுக் கொடுத்த ஓப்பன்ஃபயர் என்ற சாட் சர்வரும், அதோடு பேச ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஸ்பார்க் என்ற மென்பொருளும் இருக்கும். காசு கேட்காமல் உழைத்த மென்பொருள்கள். ஆனால் இன்றைக்குக் கட்டிங் சூப்பர்வைசர் கையில் போன் இருக்கிறது. செய்தியோ ஸ்டோர் ரூம் கம்ப்யூட்டரிலேயே நின்றுவிடுகிறது. அதனால் அசல் வேலையெல்லாம் வாட்ஸாப் குரூப்புக்குப் போய்விட்டது. வேலையை விட்டு நின்றவர் போனிலும் பையர் சொன்ன விலையும் பேக்கிங் லிஸ்ட்டும் அப்படியே கிடக்கின்றன.

இவற்றுக்குப் பதிலாக இங்கே அலசுவது புரோசடி என்ற சாட் சர்வரை. எக்ஸ்எம்பிபி என்ற பொது நெறிமுறையில் ஓடுவது, முழுக்க இலவசம். 30 முதல் 100 பேர் வரை கணக்கு வேண்டிய கம்பெனிக்கு, லினக்ஸ் கட்டளைத் திரையைப் பார்த்து மிரளாத ஒரே ஒரு ஆள் இருந்தால் போதும், தாராளமாகப் போட்டுக்கொள்ளச் சொல்லலாம். அப்படி ஓர் ஆள் இல்லையென்றால் வேண்டாம். அவர்களுக்கான வழி கீழே தனியாக இருக்கிறது.

பழையதில் என்ன கோளாறு

ஐபி மெசஞ்சருக்கு சர்வர் கிடையாது. 2425 என்ற போர்ட்டில் (நெட்வொர்க்கில் செய்தி நுழையும் வாசல் எண்) "நான் வந்துவிட்டேன்" என்று நெட்வொர்க் முழுக்கக் கூவும். கேட்ட கம்ப்யூட்டர்கள் பெயரைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும். அந்தக் கூவல் ரவுட்டரைத் தாண்டாது. ராணிப்பேட்டை டேனரியில் (தோல் பதனிடும் இடத்தில்) இருப்பவர் பெயர் ஆம்பூர் ஷூ யூனிட்டில் தெரியாததற்குக் காரணம் இதுதான். ஒரே வளாகத்தில்கூட, சிசிடிவிக்கும் ஆபீஸுக்கும் நெட்வொர்க்கைத் தனித்தனியாகப் பிரித்த அன்றே பாதிப் பெயர்கள் காணாமல் போகும். உடனே "சாஃப்ட்வேர் கெட்டுப்போச்சு" என்பார்கள். சாஃப்ட்வேருக்கு ஒன்றும் ஆகவில்லை. அது அப்படித்தான் கட்டப்பட்டது. பொதுவான காப்பகமும் இல்லை; அவரவர் கம்ப்யூட்டரில் ஒரு பதிவுக் கோப்பு இருக்கும். ஹார்டு டிஸ்க் போனால் அதுவும் போகும்.

ஓப்பன்ஃபயர் விஷயம் இதைவிட அவசரம். 2023 மே மாதம் வெளிவந்த ஓர் ஓட்டை, பாஸ்வேர்டே இல்லாமல் நிர்வாகத் திரைக்குள் நுழைய வழிவிட்டது. 2015இல் வந்த 3.10 பதிப்பிலிருந்தே அது உள்ளே இருந்திருக்கிறது. 4.6.8, 4.7.5 பதிப்புகளில் அடைத்தார்கள். உங்கள் சர்வர் அதற்கு முந்தையது, அதன் 9090 அல்லது 9091 போர்ட் இன்டர்நெட்டுக்குத் திறந்திருக்கிறது என்றால், இதைப் படித்து முடிப்பதற்கு முன்னால் போய் ரவுட்டரில் அந்த இரண்டையும் மூடுங்கள். உள்ளே யாராவது வந்து போனார்களா என்பதற்கு, பிளகின் (கூடுதல் வசதிக்காகச் சேர்ப்பது) பட்டியலில் நீங்கள் போடாத பிளகின் இருக்கிறதா, நிர்வாகிகள் பட்டியலில் தெரியாத பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த மெஷினைத் துடைத்துப் புதிதாகப் போடுவதே சரி.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஓப்பன்ஃபயர் செத்த மென்பொருள் அல்ல, புதிய பதிப்புகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. நன்றாகப் பழகியவர் கையில் இருந்தால் அப்டேட் செய்துவிட்டு அதிலேயே தொடரலாம். ஒரு பைசா செலவில்லை. ஜாவாவில் ஓடுவதால் மெமரி கூடுதலாகக் கேட்கும், அவ்வளவுதான்.

காசு எங்கே போகிறது

பட்ஜெட் போடுபவர்கள் மென்பொருளின் விலையைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது வேறு: போன் பாக்கெட்டில் இருக்கும்போது மணியடிக்க யாருக்குக் காசு கட்ட வேண்டும் என்பது.

ஜூலிப் மிக நல்ல மென்பொருள். தலைப்பு வாரியாகப் பேச்சு பிரிவதில் அதற்கு இணை இல்லை. சொந்த சர்வரில் இலவசமாகப் போடலாம். ஆனால் போனுக்கு அறிவிப்பு அனுப்பும் சேவை, சொந்த சர்வர் வைத்திருப்பவர்களுக்கு 10 பேர் வரைதான் இலவசம். அதற்கு மேல் தலைக்கு மாதம் 3.50 டாலர். 60 பேருக்கு வருஷத்துக்கு 2,520 டாலர். ரூபாயில் 2 லட்சத்தைத் தாண்டும். ராக்கெட் சாட் 50 பேர் வரை இலவசம், ஆனால் மோங்கோடிபி என்ற தரவுத்தளம் கேட்கும். அதன் 5.0 பதிப்பிலிருந்து ஏவிஎக்ஸ் வசதி உள்ள பிராசசர் கட்டாயம். மூலையில் சும்மா கிடக்கும் கோர் 2 டுவோவிலோ பழைய பென்டியம், செலரானிலோ அது கிளம்பவே கிளம்பாது, "சட்டத்துக்குப் புறம்பான கட்டளை" என்று ஒரு வரி காட்டிவிட்டு நின்றுவிடும். மேட்டர்மோஸ்ட்டில் எது இலவசம், எது காசு என்ற எல்லை பதிப்புக்குப் பதிப்பு நகர்கிறது. ஐந்து வருஷத்துக்குப் போட நினைப்பவருக்கு அது நிம்மதியில்லை. ஸ்லாக் இலவசத் திட்டத்தில் 90 நாளுக்கு முந்தைய செய்தி கண்ணில் படாது.

சோஹோ கிளிக் நம்மூர்க்காரர்களுடையது, பயன்படுத்தச் சுலபம், சர்வர் தொல்லை இல்லை. கட்டளைத் திரை தெரிந்த ஆள் இல்லாத கம்பெனி அதைப் பார்க்கலாம். தலைக்கணக்கை மட்டும் முதலிலேயே போட்டுக்கொள்ளுங்கள்: எந்தச் சேவையானாலும் தலைக்கு மாதம் ₹50 என்று வைத்தால்கூட 60 பேருக்கு வருஷம் ₹36,000. ஆள் கூடக் கூட அதுவும் கூடும்.

புரோசடியில் தலைக்கணக்கு இல்லை. ஆண்ட்ராய்டில் கான்வர்சேஷன்ஸ் என்ற ஆப் சர்வரோடு தன் இணைப்பைத் தானே பிடித்து வைத்துக்கொள்கிறது; இடையில் வாடகை கேட்க ஆள் இல்லை. பிளே ஸ்டோரில் அந்த ஆப்புக்கு விலை உண்டு. எஃப்ட்ராய்டு தளத்தில் அதே ஆப் இலவசம். முடிந்தவர்கள் சில பேருக்காவது பிளே ஸ்டோரில் வாங்குங்கள், எழுதுகிறவர் அதில்தான் பிழைக்கிறார். ஐபோன் வைத்திருப்பவருக்கு மோனல் என்ற இலவச ஆப் இருக்கிறது. அதற்கு சர்வரில் கிளவுட் நோட்டிஃபை என்ற மாட்யூலை (சர்வரின் கூடுதல் வசதித் துண்டு) போட வேண்டும், இல்லையென்றால் ஆப்பைத் திறந்தால்தான் செய்தி வரும்.

சர்வர் எங்கே இருக்க வேண்டும்

புரோசடியின் பெரிய பலம் அதன் சின்ன உடம்பு. 60 பேருக்கு 1 ஜிபி மெமரியும் ஒரு கோரும் தாராளம். ஆகவே பழைய கம்ப்யூட்டரில் வைக்கலாமே என்று தோன்றும். வைக்கலாம், ஆனால் எந்த இடத்தில் என்று பார்த்து வைக்க வேண்டும்.

டேனரியில் சுண்ணாம்புக் குழிப் பக்கம் சோடியம் சல்ஃபைடு புழங்குகிறது. அங்கிருந்து வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு செம்பையும் வெள்ளியையும் அரிக்கும். அந்தக் காற்றில் வைத்த கம்ப்யூட்டரின் ஸ்விட்ச் போர்ட்டுகள், சர்க்யூட் போர்டின் செம்புத் தடங்கள் எல்லாம் கருத்துவிடும். முதலில் நெட்வொர்க் விட்டு விட்டு வரும், பிறகு மெமரிப் பிழை, பிறகு ஒருநாள் ஆன் ஆகாது. பத்தடி தள்ளி மூடிய அறை என்பதெல்லாம் போதாது. ஆபீஸ் கட்டடத்தில், காற்று வீசும் திசைக்கு மறுபக்கம் வைக்க வேண்டும். வேலூர் வெயில் மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது வாடிக்கை. தகரக் கூரைக்குக் கீழே உள்ள ஸ்டோர் ரூமும் கூடாது. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் காலையில் போன கரண்ட் மாலைதான் வரும், எந்தச் சின்ன யுபிஎஸ்ஸும் அதைத் தாங்காது. எனவே பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே திறக்கும் அமைப்புத் திரை) "கரண்ட் வந்ததும் தானாக ஆன் ஆகு" என்ற அமைப்பை இயக்கி வையுங்கள். இதை மறந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை நின்ற சர்வரைத் திங்கட்கிழமை காலை யாராவது பட்டன் அழுத்தித்தான் எழுப்ப வேண்டும்.

அடுத்த சிக்கல், வெளியிலிருந்து போன்கள் அந்தக் கம்ப்யூட்டரை எட்டுவது. ஃபைபர் இணைப்புகள் பலவற்றில் தனி பொது ஐபி கிடையாது. ரவுட்டரின் நிலைத் திரையில் வான் (WAN) ஐபி, அதாவது வெளி இணைப்பின் எண், 10இல் தொடங்கினாலோ 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் இருந்தாலோ, ஒரே ஐபியைப் பல பேருக்குப் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறார்கள் என்று பொருள். என்னதான் போர்ட் திறந்தாலும் வெளியிலிருந்து உள்ளே வர முடியாது. நிலையான ஐபிக்கு இணைப்புக்காரரிடம் தனிக் கட்டணம் கட்ட வேண்டும்.

இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால், இரண்டு ஊரில் யூனிட் உள்ளவர்களுக்கும் வெளியே சுற்றும் மெர்ச்சண்டைசர், குவாலிட்டி ஆட்கள் உள்ளவர்களுக்கும் இந்தியாவுக்குள் இருக்கும் ஒரு சின்ன வாடகை சர்வர்தான் நல்லது. 1 ஜிபி மெமரி, 25 ஜிபி டிஸ்க் போதும். ஒரே வளாகம், போனெல்லாம் ஃபேக்டரி வைஃபையில், நெட் போனாலும் உள்ளே பேச்சு நிற்கக் கூடாது என்றால் உள்ளூர்க் கம்ப்யூட்டர். இரண்டையும் சேர்த்துச் செய்யப் போகாதீர்கள். இந்த அளவுக் கம்பெனிக்கு அது வீண் சிக்கல்.

டிஸ்க் கணக்கில் எழுத்துக்கு இடமே பிடிக்காது, போட்டோதான் தின்னும். 60 பேர் ஆளுக்கு நாளொன்றுக்கு 10 போட்டோ, ஒன்று 300 கேபி என்றால் ஒரு நாளைக்கு 180 எம்பி. 30 நாள் வைத்தால் 5.4 ஜிபி.

நிறுவும்போது

முகவரியை முதலில் முடிவு செய்யுங்கள். கம்பெனி டொமைனுக்குக் கீழே "சாட்" என்று ஒரு துணைப் பெயர் போதும். ஒவ்வொருவர் கணக்கிலும் இந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளும். பின்னால் மாற்றினால் எல்லாக் கணக்கையும் புதிதாகப் போட வேண்டிவரும். டொமைன் கம்பெனி பெயரில், கம்பெனி மெயிலில் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். வெப்சைட் செய்து கொடுத்தவர் பெயரில் இருந்தால் அதை மாற்றிக்கொண்ட பிறகே ஆரம்பியுங்கள்.

டெபியன் என்ற லினக்ஸின் 13ஆம் பதிப்பைப் போட்டால் புரோசடி 13.0 அதிலேயே வருகிறது. பதிப்பு எண் 0.12இலிருந்து நேராக 13.0க்குத் தாவியது 2025இல். நடுவில் எதுவும் விட்டுப்போகவில்லை. டெபியன் 12இல் 0.12 வரும், அதுவும் ஓடும். ஆனால் வேலையை விட்டவர் கணக்கை அழிக்காமல் முடக்கி மட்டும் வைக்கும் வசதி 13இல் இருக்கிறது. அதற்காகவே புதியதைப் போடலாம்.

அமைப்புக் கோப்பு ஒன்றுதான். அதில் இயக்க வேண்டிய மாட்யூல்கள் இவை: செய்திக் காப்பகத்துக்கு மாம், ஒருவரின் கம்ப்யூட்டரிலும் போனிலும் ஒரே செய்தி விழ கார்பன்ஸ், வைஃபை அறுந்து ஒட்டும்போது செய்தி தொலையாமலிருக்க ஸ்மாக்ஸ், போன் பேட்டரிக்காக சிஎஸ்ஐ சிம்பிள், பிரிவு வாரிப் பட்டியலுக்கு குரூப்ஸ். குழு அறைக்கு ஒரு கம்போனென்ட் (தனி முகவரியில் ஓடும் துணைச் சேவை), அதற்குத் தனியாக மக் மாம். கோப்பு அனுப்ப எச்டிடிபி ஃபைல் ஷேர் என்ற இன்னொரு கம்போனென்ட்.

கோப்பில் எந்த வரி எங்கே இருக்கிறது என்பது முக்கியம். வர்ச்சுவல் ஹோஸ்ட் (கணக்குகள் இருக்கும் முகவரி) அல்லது கம்போனென்ட் என்று ஒரு வரி வந்தால், அதற்குக் கீழே எழுதும் எல்லாமே அதற்கு மட்டும்தான் பொருந்தும். பொதுவாக எல்லோருக்கும் வேண்டிய அமைப்பைக் கோப்பின் கடைசியில் ஒட்டினால் சர்வர் பிழை சொல்லாது, அமைப்பும் வேலை செய்யாது. மணிக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்ள வைப்பது இதுதான். பொது அமைப்பெல்லாம் மேலே, முதல் வர்ச்சுவல் ஹோஸ்ட் வரிக்கு முன்னால். ஒவ்வொரு முறை மாற்றிய பிறகும், ரீஸ்டார்ட் செய்வதற்கு முன் புரோசடியின் செக் கட்டளையை ஓட்டுங்கள். விட்டுப்போன கமா, தவறிய டிஎன்எஸ் (பெயரை ஐபி எண்ணோடு இணைக்கும் பதிவு), காலாவதியாகும் சான்றிதழ் (சர்வர் உண்மையானதுதான் என்று காட்டுவது) எல்லாவற்றையும் அது பெயர் சொல்லிக் காட்டும். இவ்வளவு தெளிவாகப் பேசும் சோதனைக் கருவி இலவச சர்வர்களில் அபூர்வம்.

ஃபயர்வாலில் 5222ஐயும் 5281ஐயும் திறக்க வேண்டும். முதலாவது செய்திக்கு, இரண்டாவது கோப்புக்கு. "டெக்ஸ்ட் போகிறது, போட்டோ மட்டும் சுற்றிக்கொண்டே நிற்கிறது" என்று யாராவது சொன்னால் 5281 மூடியிருக்கிறது, அல்லது கோப்புக் கம்போனென்ட்டுக்கு வைத்த அப்லோடு என்ற துணைப் பெயருக்குச் சான்றிதழ் எடுக்கவில்லை. வெளி சர்வர்களோடு பேச்சு தேவையில்லை என்பதால் 5269ஐ மூடி, எஸ்2எஸ் மாட்யூலையும் நிறுத்திவிடுங்கள். தானாகப் பதிவு செய்துகொள்ளும் வசதி அணைந்திருக்க வேண்டும்.

சான்றிதழுக்கு லெட்ஸ் என்கிரிப்ட் போதும், இலவசம். ஆனால் அது 90 நாள்தான் செல்லும். அதற்கான செர்ட்பாட் என்ற கருவி தானாகப் புதுப்பித்துவிடும். புதுப்பித்ததை புரோசடிக்குத் தெரிவிக்க ஆள் வேண்டும். சான்றிதழின் சாவிக் கோப்பை ரூட் (லினக்ஸின் தலைமை நிர்வாகிக் கணக்கு) மட்டுமே படிக்க முடியும், புரோசடி தன் சொந்தப் பெயரில் ஓடுகிறது, அதனால் படிக்க முடியாது. புதுப்பித்தல் முடிந்ததும் புரோசடியின் சான்றிதழ் இம்போர்ட் கட்டளை ஓடும்படி செர்ட்பாட்டின் டிப்ளாய் ஹூக்கில் ஒரு வரி சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் மூன்று மாதம் ஒழுங்காக ஓடி, ஒரு காலை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் இணைப்பு அறுந்துபோகும். அதைத்தான் "இலவச சாஃப்ட்வேர்னா இப்படித்தான்" என்பார்கள்.

அப்படியே விட்டால் கடிக்கும் அமைப்புகள்

புரோசடி தானாக வைத்திருக்கும் மதிப்புகள் வீட்டுப் பயன்பாட்டுக்கு எழுதியவை. காப்பகத்தில் செய்தி ஒரு வாரம்தான் இருக்கும். கோப்பும் ஒரு வாரம்தான். கோப்பின் அளவு 10 எம்பி. போன மாதம் அனுப்பிய கலர் ஸ்வாட்ச் படத்தைத் தேடும் நாளில்தான் இது தெரியவரும். செய்திக் காப்பகத்தை ஒரு வருஷம், கோப்பை 30 நாள், அளவை 25 எம்பி என்று முதல் நாளே எழுதிவிடுங்கள். அதற்கு மேல் வைக்க வேண்டிய கோப்புக்கு இடம் சாட் அல்ல, ஷேர்டு ஃபோல்டர்.

இன்னொன்று ஒளிந்திருக்கிறது. காப்பகத்தைச் சாதாரணக் கோப்பாகவே வைத்தால் ஒரு காப்பகத்துக்கு 10,000 செய்தி என்ற வரம்பு உண்டு. ஆளுக்கு அது எட்டாது. புரொடக்ஷன் குழு அறைக்குச் சில மாதத்தில் எட்டிவிடும். ஆரம்பத்திலேயே லுவாவுக்கான (புரோசடி எழுதப்பட்ட மொழி) எஸ்க்யூலைட் என்ற சின்னத் தரவுத்தளப் பேக்கேஜைப் போட்டு, காப்பகத்தை மட்டும் எஸ்க்யூஎல்லுக்கு மாற்றுங்கள். பேக்கப் எடுக்கும்போது ஓடிக்கொண்டிருக்கும் எஸ்க்யூலைட் கோப்பைச் சும்மா காப்பி அடிக்கக் கூடாது, பாதி எழுதிய நிலையில் சிக்கும். எஸ்க்யூலைட்டின் பேக்கப் கட்டளையால் எடுத்து, அமைப்புக் கோப்புகளோடு சேர்த்து இரவில் வேறு இடத்துக்கு அனுப்புங்கள். மாதம் ஒருமுறை அதை இன்னொரு மெஷினில் விரித்துப் பாருங்கள்.

அடுத்தது ஒமேமோ. இது முனைக்கு முனை மறைகுறியாக்கம். கான்வர்சேஷன்ஸில் தனிப் பேச்சுக்கு அது தானாகவே இயங்கும். தனிமனிதருக்கு அருமையான பாதுகாப்பு; ஷிஃப்டு மாறும் ஸ்டோர் கம்ப்யூட்டருக்குத் தலைவலி. புதிதாகச் சேர்த்த கம்ப்யூட்டரில் பழைய பேச்சைத் திறந்தால் "லைனிங் 40 ஷீட் குறையுது" என்று இருக்க வேண்டிய இடத்தில், இந்தச் செய்தி இந்தக் கருவிக்காகப் பூட்டப்படவில்லை என்ற வரிதான் இருக்கும். சர்வரில் இருப்பதும் பூட்டிய செய்திதான், நிர்வாகியாலும் திறக்க முடியாது. ஆபீஸ் பதிவு வேண்டும் என்றால் எல்லாப் போனிலும் கம்ப்யூட்டரிலும் ஒமேமோவை "தானாக வேண்டாம்" என்று மாற்ற வேண்டும். இணைப்பு எப்படியும் டிஎல்எஸ் என்ற மறைகுறியாக்கத்தில் பூட்டியபடிதான் போகும், வழியில் யாரும் படிக்க முடியாது. எது முடிவானாலும், செய்தி இத்தனை நாள் சர்வரில் இருக்கும், இன்னார் பார்க்க முடியும் என்று ஊழியர்களிடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள். 2023இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்காக மட்டுமல்ல; சொல்லாமல் பதிவு வைப்பது தப்பு.

விண்டோஸும் போனும்

விண்டோஸ் கம்ப்யூட்டரில் போட வேண்டிய சாட் மென்பொருள் கஜிம். விண்டோஸ் 10, 11இல் நன்றாக ஓடும். விண்டோஸ் 7 மெஷின்கள் கட்டிங், பேக்கிங் பக்கம் இன்னும் இருக்கும். புதிய கஜிம் அதில் ஏறாது. அங்கே பிட்ஜின் என்ற வேறொரு சாட் மென்பொருள் ஓடும், ஆனால் அது சர்வர் காப்பகத்திலிருந்து பழைய செய்தியை எடுக்காது. அந்த மெஷின்களை இன்டர்நெட்டிலிருந்து பிரித்து உள் நெட்வொர்க்கில் மட்டும் விடுங்கள்; சர்வர் வாடகைக்கு வெளியே இருந்தால் அதற்குப் போகும் வழியை மட்டும் திறந்து வையுங்கள்.

கணக்கு ஆளுக்கா, இடத்துக்கா? ஆபீஸ் ஆட்களுக்கு ஆள் பெயரில். ஸ்டோர், கேட், பேக்கிங் போன்ற ஷிஃப்டு இடங்களுக்கு இடத்தின் பெயரில் ஒரு கணக்கு. பிரிவுப் பட்டியலை குரூப்ஸ் கோப்பில் எழுதிவிட்டால் புதிதாக வருபவர் லாகின் செய்ததும் எல்லோர் பெயரும் தயாராக இருக்கும். யாரும் யாரையும் சேர்க்க வேண்டாம். ஐபி மெசஞ்சரைத் திறந்ததும் பெயர்கள் வரிசையாகத் தெரியுமே, அந்தச் சுகம் இதில் கிடைப்பது இந்த ஒரு கோப்பால்தான். கோப்பைத் திருத்தினால் அந்த மாட்யூலை ரீலோட் செய்ய மறக்கக் கூடாது.

போனில் வரும் புகார் பத்தில் ஒன்பது "மெசேஜ் லேட்டா வருது" என்பதாகத்தான் இருக்கும். சர்வரைத் தேடாதீர்கள். விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன்கள் பலவும் பேட்டரியை மிச்சம் பிடிக்க, திரை அணைந்ததும் பின்னால் ஓடும் ஆப்பைக் கொன்றுவிடுகின்றன. ஒவ்வொரு போனிலும் மூன்று வேலை: ஆப்புக்கு ஆட்டோஸ்டார்ட் அனுமதி, பேட்டரியில் "கட்டுப்பாடு இல்லை", சமீபத்திய ஆப்கள் திரையில் அதற்குப் பூட்டு. போனுக்கு ஐந்து நிமிஷம், 60 போனுக்கு ஐந்து மணி நேரம். இந்த உழைப்பைப் பட்ஜெட்டில் யாரும் எழுதுவதில்லை. இந்தத் திட்டத்தின் அசல் செலவே இதுதான்.

தமிழ், உருது

தமிழ் யூனிகோடில் இருந்தால் எந்தத் தொல்லையும் இல்லை. தொல்லை எங்கே வரும் என்றால், பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் டைப் செய்து பழகிய கணக்குப் பிரிவில். வேர்டில் அழகான தமிழாகத் தெரிவதை எடுத்து சாட்டில் ஒட்டினால் புரியாத ஆங்கில எழுத்துக் குவியலாக விழும். அது மெசஞ்சரின் குற்றமல்ல, அந்த எழுத்துருவுக்கு அடியில் இருப்பதே ஆங்கில எழுத்துதான். விண்டோஸில் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்துக் கொடுத்து, இரண்டு வாரம் பழக அவகாசம் கொடுங்கள்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரத்தில் உருதுவிலும் எழுதுவார்கள். கஜிம், கான்வர்சேஷன்ஸ் இரண்டும் வலமிருந்து இடமாகச் சரியாகக் காட்டும். எச்சரிக்கை எண்ணில்தான். உருது வரிக்கு நடுவே சைஸ் 42, ஜோடி 120 என்பதை இடைவெளியும் கோடும் போட்டு 42 - 120 என்று எழுதினால், திரையில் 120 - 42 என்ற வரிசையில் அமரும். உருது படிப்பவர் வலப்பக்கமிருந்து சரியாகப் படிப்பார். தமிழ் படிப்பவர் சைஸையும் ஜோடியையும் மாற்றிப் படித்துவிடுவார். ஆர்டர் எண்ணிக்கையை எப்போதும் தனித்தனி வரியில் எழுதச் சொல்லுங்கள்.

குறைகள்

கஜிம்மின் முகம் சாதாரணம். வாட்ஸாப்புக்குப் பழகிய கண்ணுக்குப் பழசாகத் தெரியும். தலைப்பு வாரிப் பிரிப்பு இல்லை, வேலைப் பட்டியல் இல்லை. ஆடியோ, வீடியோ அழைப்பு ஆண்ட்ராய்டில் உண்டு, ஆனால் வெவ்வேறு நெட்வொர்க்கில் இருப்பவர்களுக்கு நடுவே அது நிற்க டர்ன் சர்வர் ஒன்று தனியாகப் போட வேண்டும். விண்டோஸ் கஜிம்மில் அழைப்பை நம்ப வேண்டாம். போன் செய்து திட்டுவதற்குக் கம்பெனி ஆள் யாரும் கிடையாது.

அழைப்பும் வேண்டும், அமைப்புக் கோப்பில் கை வைக்கவும் பயம் என்பவர்கள் ஸ்னிக்கெட் பார்க்கலாம். உள்ளே ஓடுவது புரோசடியேதான். டர்ன், சான்றிதழ், போட்டோப் பகிர்வு எல்லாம் சேர்த்துக் கட்டிய பொட்டலம், டாக்கரில் (மென்பொருளைத் தயார் பெட்டியாக ஓட்டும் கருவி) ஏறும். புதியவரைச் சேர்க்க லிங்க் அனுப்பினால் போதும். சுதந்திரம் கொஞ்சம் குறைவு, நிம்மதி கொஞ்சம் கூடுதல். முந்நூறு நானூறு பேர் இருக்கும் இடம், ஆஸ்பத்திரி, காலேஜ் மாதிரி அமைப்புகளுக்கு இந்த விமர்சனம் பொருந்தாது. அவர்கள் ஜூலிப்பையும் அதன் கட்டணத்தையும் எடைபோட்டுப் பார்ப்பது நல்லது.

மாற்றும் நாள்

ஷிப்மென்ட் வாரத்தில் வேண்டாம், ரம்ஜான் மாதத்தில் ஷிஃப்டு நேரம் மாறியிருக்கும்போதும் வேண்டாம். முதல் வாரம் ஸ்டோரும் கட்டிங்கும் மட்டும், ஏனென்றால் ஒரு நாளில் அதிகம் பேசிக்கொள்வது அவர்கள்தான். இரண்டாம் வாரம் எல்லோரும், பழையதும் கூடவே ஓடட்டும். ஓப்பன்ஃபயரிலிருந்து பாஸ்வேர்டைக் கொண்டுவர முயற்சிக்க வேண்டாம். புதிய பாஸ்வேர்டை ஆளுக்கொரு சீட்டில் அச்சடித்துக் கையில் கொடுங்கள். பழைய பேச்சுகள் மானிட்டரிங் பிளகின் போட்டிருந்தால் தரவுத்தளத்தில் இருக்கும். வெளியே எடுத்துக் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள், புதியதற்குள் திணிக்க வேண்டாம்.

மூன்றாம் திங்கட்கிழமை பழையதை நிறுத்தியே ஆக வேண்டும். இரண்டும் ஓடினால் பாதிப் பேர் அங்கே, பாதிப் பேர் இங்கே என்று, செய்தி எங்கே விழுந்தது என்று தேடுவதே வேலையாகும். ஸ்விட்சில் 2425ஐ மூடுங்கள், ஸ்டார்ட்அப்பிலிருந்து ஐபி மெசஞ்சரை எடுங்கள், ஓப்பன்ஃபயர் சர்வீஸை நிறுத்தி அந்த மெஷினின் டிஸ்க்கை ஆறு மாதம் பீரோவில் வையுங்கள். போனுக்கான அந்த மூன்று அமைப்புகளைத் தமிழிலும் உருதுவிலும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் அச்சடித்து டைம் ஆபீஸ் ஜன்னலில் ஒட்டுங்கள். புதுப் போன் வாங்கிய யாரும் உங்களைத் தேடி வர வேண்டியிருக்காது.